ஸ்டெல்லாவின் ஒன்றேகால் ஷிப்ட்

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை எட்டே முக்காலுக்கு, நான்காம் லைனின் செக்கிங் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டு நான் ஸ்டெல்லாவைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஆள் இல்லை. காலி மேசையைத்தான் திட்டினேன். பதினான்கு வருடத்தில் ஒரு நாள்கூட எட்டரைக்குப் பிந்தி வந்ததில்லை என்பது தெரிந்தும், பெட்டி கட்ட வேண்டிய நாளில் இப்படிச் செய்யலாமா, வேலைக்கு வருகிற எண்ணம் இருக்கிறதா இல்லையா என்று லைன் முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். கத்தி முடித்து மூச்சு வாங்கும்போது போன் அடித்தது. அவர் கணவர் அந்தோணி பேசினார். விடியற்காலையில் நெஞ்சு வலிக்கிறது என்று ஸ்டெல்லா எழுந்து உட்கார்ந்தாராம், ஆட்டோ வந்து நிற்பதற்குள் உயிர் போய்விட்டதாம். நாற்பத்து நான்கு வயது. நான் திட்டும்போது அவர் இறந்து மூன்று மணி நேரம் ஆகியிருந்தது.

முப்பதாம் நாள் பூசைக்குச் சிறிய நினைவேடு ஒன்று அச்சடிக்கிறோம், பதினான்கு வருடம் கூடவே வேலை பார்த்தவர் என்ற முறையில் நீங்கள் இரண்டு பக்கம் எழுதித் தாருங்கள் என்று அந்தோணி கேட்டார். எனக்கு எழுத்து வேலை பழக்கமில்லை. நான் டெய்லருக்குத் துணி கைமடித்துக் கொடுக்கிற பையனாகக் கம்பெனிக்குள் நுழைந்து, ஓவர்லாக் மெஷின் ஓட்டி, லைன் சூப்பர்வைசராகி, புரொடக்ஷன் மேனேஜர் ஆனவன். எழுதியதெல்லாம் போர்டில் சாக்பீஸால்தான். ஆனாலும் ஒப்புக்கொண்டேன். இரண்டு பக்கத்தில் அடங்காது என்று உட்கார்ந்த பிறகுதான் தெரிகிறது.

இதை நான் நான்காம் லைன் ஆட்களுக்காகத்தான் எழுதுகிறேன். அடக்கத்துக்கு அறுபது பேரில் ஏழு பேர் வந்திருந்தீர்கள். வராதவர்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும். நான்கு வருடத்துக்கு முன்னால் அவர் உங்களுக்கு ஒரு கெடுதல் செய்தார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அவர் செய்யவில்லை என்பது அடக்கம் நடந்த நாள்வரைக்கும் உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவர் போய்விட்டார். மிச்சம் இருக்கிறவன் உங்களிடம் சொல்லாமல் போனால் அந்தப் பேரோடுதான் அவர் மண்ணுக்குள் கிடக்க வேண்டும்.

ஸ்டெல்லா தூத்துக்குடிப் பக்கம். பி.எஸ்ஸி. கணிதம் படித்தவர். கல்யாணம் செய்துகொண்டு இங்கே திருப்பூருக்கு வந்து, நெருப்பெரிச்சலில் நம் கம்பெனியில் செக்கிங் ஆளாகச் சேர்ந்து, மூன்றாம் வருடத்தில் செக்கிங் சூப்பர்வைசர் ஆனார். பி.எஸ்ஸி. படித்துவிட்டு நூல் பிசிறு வெட்டுகிறாயே அம்மிணி, ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்க என்பது சரியாகத்தான் இருக்கிறது என்று நான் அடிக்கடி சீண்டுவேன். கழுதை மேய்க்கிற இடத்தில் மேனேஜரைப் பற்றி என்ன சொல்வது என்று யோசித்துச் சொல்கிறேன் என்பார். அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்க முடியாது. துணியைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்னால் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பார். தையல் விட்ட இடம் விரலுக்கே தெரிந்துவிடும். அவர் கையைத் தாண்டிப் போன பெட்டி வெளிநாட்டுப் பையரிடமிருந்து திரும்பி வந்ததே இல்லை.

அவர் வீட்டு நிலைமை உங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. அந்தோணி கன்டெய்னர் லாரி ஓட்டினார். வாரத்தில் இரண்டு நாள்தான் வீட்டில் இருப்பார். வீட்டில் இருந்த இன்னொரு ஆள் மாமனார் சவரிமுத்து. சாமளாபுரத்தில் முப்பது வருடம் பவர்லூம் ஓட்டியவர். வயதாகி நினைவு தப்ப ஆரம்பித்தது. வீடு எது, ஊர் எது என்பது மறந்து போயிற்று. ஷிப்டுக்குப் போக வேண்டும் என்பது மட்டும் மறக்கவில்லை. கதவு திறந்திருந்தால் தறிக்கு நேரமாச்சு என்று நடக்க ஆரம்பித்துவிடுவார். ஒரு தடவை பல்லடம் ரோட்டில் லாரிகளுக்கு நடுவில் நின்றவரை யாரோ கூட்டிவந்தார்கள். இன்னொரு தடவை ஒரு நாள் முழுக்கக் கிடைக்கவில்லை. அதன் பிறகு ஸ்டெல்லா காலையில் எட்டு மணிக்குச் சாப்பாடு போட்டுவிட்டு, மாமனாரை உள்ளே வைத்துக் கதவை வெளியே பூட்டிவிட்டு வேலைக்கு வர ஆரம்பித்தார். மதியம் பக்கத்து வீட்டு அம்மா ஜன்னல் வழியாகச் சோறு கொடுப்பார். ராத்திரி ஒன்பதேகாலுக்கு ஸ்டெல்லா போய்ப் பூட்டைத் திறக்கிறவரைக்கும் அந்த மனிதர் அந்த ஒற்றை அறைக்குள்தான்.

நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும், படிக்கிற வெளியாட்களுக்காகச் சொல்கிறேன். திருப்பூரில் வேலை நேரத்தை மணிக்கணக்கில் சொல்ல மாட்டோம். ஷிப்ட் கணக்குத்தான். எட்டரையிலிருந்து ஐந்தரை வரை ஒரு ஷிப்ட். டீ குடித்துவிட்டு மறுபடி உட்கார்ந்து ஒன்பது வரை தைத்தால் ஒன்றரை. அதையும் தாண்டி நடுச்சாமம் வரை போனால் இரண்டு. பேர்தான் ஒரு ஷிப்டே தவிர, ஐந்தரைக்கு யாரும் வீட்டுக்குப் போனதில்லை. ஒன்றரைதான் நம் கம்பெனியின் சாதாரண நாள். ஷிப்மென்ட் நெருங்கினால் இரண்டு. கேட்டைப் பூட்டிச் சாவியை வாட்ச்மேன் வைத்திருப்பார், போன்கள் எல்லாம் கேட்டிலேயே பெட்டிக்குள் கிடக்கும். "அவரை நான் பூட்டிட்டு வாரேன், என்னய நீங்க பூட்டிக்கிடுதீங்க சார்" என்று ஸ்டெல்லா ஒரு நாள் சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

ஐந்தரைக்கு வீட்டுக்குப் போக வேண்டும். ஸ்டெல்லாவுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். வெளிச்சம் இருக்கும்போதே மாமனாரை வெளியே கூட்டிக்கொண்டு போய் நாலு தெரு நடத்திவிட்டு வந்தால் அவர் ராத்திரி தூங்குவார், கதவைப் பிறாண்ட மாட்டார் என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். தனக்கு மட்டும் கேட்டிருந்தால் நான் எதையாவது செய்திருப்பேன். கேட்கவில்லை. அதற்குப் பதிலாகக் கணக்குப் போட்டார்.

ஒரு மதியம் சாப்பாட்டு நேரத்தில் கட்டிங் பேப்பர் ஒன்றை மடித்து எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். "சார், ஒரு கணக்கு பாத்திருக்கேன். கோவப்படாமப் பாக்கீங்களா?" என்றார். கோபப்படாமல் நான் எதைப் பார்த்திருக்கிறேன். இருந்தாலும் பார்த்தேன். கடந்த ஆறு மாதமாக நான்காம் லைனில் பாஸ் ஆன பீஸ்களைக் குறித்து வைத்திருந்தார். ஒன்றரை ஷிப்ட் ஓடிய வாரங்களில் நாளுக்குச் சராசரியாக ஆயிரத்து இருநூறு நல்ல பீஸ். இரண்டு ஷிப்ட் ஓடிய வாரங்களில் எண்ணூறு. நேரம் கூடக் கூடத் தைக்கிற பீஸ் கூடுகிறது, ஆனால் தூக்கக் கலக்கத்தில் தையல் விட்டு, கழுத்து கோணி, பிரித்துத் தைக்கிற ஆல்டருக்குத் திரும்பி வருகிறது. மறுநாள் காலை அதைப் பிரிப்பதிலேயே போய்விடுகிறது. இதுவரைக்கும் எனக்கும் தெரிந்த விஷயம்தான். இரண்டு ஷிப்டில் டேமேஜ் கூடும் என்பது யாருக்குத் தெரியாது.

அதை அவர் சமன்பாடாக எழுதியிருந்தார். ஷிப்டை x என்று வைத்துக்கொள்ளுங்கள், நல்ல பீஸை y என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றரைக்கு ஆயிரத்து இருநூறு, இரண்டுக்கு எண்ணூறு, வேலையே பார்க்காவிட்டால் சைபர், இந்த மூன்றையும் வைத்தால் வருவது இதுதான் என்று காட்டினார்.

y = −800x² + 2000x

ஒன்றரையைப் போட்டுப் பாருங்கள் என்றார். மூவாயிரத்தில் ஆயிரத்து எண்ணூறு போக ஆயிரத்து இருநூறு வந்தது. இரண்டைப் போட்டேன். நாலாயிரத்தில் மூவாயிரத்து இருநூறு போக எண்ணூறு. நம் லைன் அப்படியே அந்த ஒரு வரியில் உட்கார்ந்திருந்தது. இதற்குப் பேர் இருபடிச் சமன்பாடு, இதை வரைந்தால் பரவளையம் வரும், x²-க்கு முன்னால் மைனஸ் இருப்பதால் கவிழ்த்து வைத்த சட்டி மாதிரி இருக்கும் என்றார். ஏறிக்கொண்டே போய் ஓரிடத்தில் நின்று இறங்கும். அந்த இடம்தான் முனை. அது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க வரைந்துகூடப் பார்க்க வேண்டாம், மைனஸ் b-ஐ 2a-ஆல் வகுத்தால் போதும், x-க்கு முன்னால் இருப்பது b, x²-க்கு முன்னால் இருப்பது a, நீங்களே போடுங்கள் என்று பேனாவை என் கையில் கொடுத்துவிட்டார்.

நான் போட்டேன். b இரண்டாயிரம், 2a ஆயிரத்து அறுநூறு, முன்னால் ஒரு மைனஸ். விடை மைனஸ் ஒன்றேகால் என்று வந்தது. பெருமையாக நிமிர்ந்து பார்த்தேன். அவர் முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டு, "அப்ப நேத்தைக்கே வேலைக்கி வந்திருக்கணும் சார்" என்றார். எண்ணூறுக்கு முன்னால் இருந்த மைனஸை நான் விட்டிருந்தேன். இரண்டு மைனஸும் அடிபட்டுப் போய் ஒன்றேகால் ஷிப்ட் என்று வந்தது. அதைத் திரும்பச் சமன்பாட்டில் போட்டால் ஆயிரத்து இருநூற்று ஐம்பது. இந்த லைன் இந்த ஆட்களை வைத்துக்கொண்டு தரக்கூடியதிலேயே அதிகம் அதுதான், அதற்கு மேல் தலைகீழாக நின்றாலும் வராது என்றார். "முனை வரைக்கும் நாம நேரத்தத் திங்கோம் சார். அதத் தாண்டிட்டா நேரம் நம்மளத் திங்குது." இதை அவர் சொன்னபடியே எழுதியிருக்கிறேன்.

நான் சிரித்தேன். ஒன்றேகால் ஷிப்ட் என்று திருப்பூரில் ஏது? ஒன்று, ஒன்றரை, இரண்டு. கால் ஷிப்டுக்கு மணி அடித்தால் டீக்கடைக்காரன்கூடச் சிரிப்பான். அது அவருக்கும் தெரிந்திருந்தது. அந்தப் பேப்பரில் பரவளையத்தை வரைந்து வைத்திருந்தார். ஒன்றேகால் இருக்கிற இடத்தில் மேலிருந்து கீழாக ஒரு கோடு. பனியனுக்குக் கழுத்து வெட்டப் பேப்பரை மடிப்போம் இல்லையா, அந்த மாதிரி அந்தக் கோட்டில் பேப்பரை மடித்தார். வலது பாதி இடது பாதியின்மேல் அப்படியே படிந்தது. ஒன்றரை ஷிப்டுக்கு நேராக வந்து விழுந்தது ஒரு ஷிப்ட். முனையிலிருந்து அந்தப் பக்கம் கால் ஷிப்ட் தள்ளி என்ன பீஸோ, இந்தப் பக்கம் கால் ஷிப்ட் தள்ளியும் அதே பீஸ்தான். சமன்பாட்டில் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். ஆயிரத்து இருநூறு.

ஒன்பது மணி வரை உட்கார்ந்து எடுக்கிற அதே நல்ல பீஸை ஐந்தரைக்கே எடுத்துவிடலாம். நான்காம் லைன் பீஸ் ரேட், பாஸ் ஆன பீஸுக்குத்தான் கூலி. அதனால் யாருக்கும் கையில் வருவது குறையாது. அறுபது பேரும் வெளிச்சத்தில் வீட்டுக்குப் போகலாம். இதை யாரும் ஓட்டிப் பார்த்ததே இல்லை, ஏனென்றால் யாரும் ஐந்தரைக்கு நிறுத்தியதே இல்லை. ரெண்டு வாரம் இந்த ஒரு லைனை மட்டும் ஒரு ஷிப்ட் ஓட்டிப் பார்க்க விடுங்கள் என்று கேட்டார். நான் ஒரு வாரம் இழுத்தடித்தேன். பிறகு முதலாளியிடம் போய், மெஷின் சர்வீஸ் இருக்கிறது என்று ஒரு பொய்யைச் சொல்லி அனுமதி வாங்கினேன். அந்தப் பொய் ஒன்றுதான் இந்தக் கதையில் நான் செய்த நல்ல காரியம்.

உங்களுக்கு அந்த இரண்டு வாரம் ஞாபகம் இருக்கும். ஐந்தரைக்கு மணி அடித்ததும் நீங்கள் எழுந்திருக்காமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். வாட்ச்மேன் கேட்டைத் திறப்பதற்கு என்னிடம் மூன்று தடவை கேட்டார். முதல் வாரம் ஆயிரத்து நூறுக்குப் பக்கத்தில்தான் வந்தது. ஒன்பது மணி வரைக்கும் இழுத்துப் பழகிய கை, மெதுவாகவே ஓடிற்று. இரண்டாவது வாரம் பேச்சு குறைந்தது, டாய்லெட்டில் போய் நின்று கண்ணை மூடிக்கொள்கிறவர்கள் இல்லாமல் போனார்கள், ஆல்டர் கூடை பாதிகூட நிறையவில்லை. வியாழக்கிழமை ஐந்தரைக்கு ஸ்டெல்லா எண்ணி முடித்தார். ஆயிரத்து நூற்றுத் தொண்ணூற்றாறு. நான் வாயைப் பிளந்தேன். அவர் அந்த நாலு பீஸ் எங்கே போயிற்று என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். அந்த இரண்டு வாரமும் தினம் சாயந்தரம் மாமனாரைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு தெருவில் நடந்திருக்கிறார். பெரியவர் நாலாம் நாளே கதவைத் தட்டுவதை நிறுத்திவிட்டாராம்.

சனிக்கிழமை அந்தக் கணக்கை எடுத்துக்கொண்டு நான் முதலாளி அறைக்கு மாடிப்படி ஏறினேன். சரியாகத்தான் ஏறினேன். சோதனை ஜெயித்துவிட்டது, நான்காம் லைனை ஐந்தரைக்கு விட்டுவிடலாம் என்று சொல்லத்தான் போனேன். அவர் பேப்பரைப் பார்த்துவிட்டு, "பரவால்லீங்களே மேனேஜரே. ஒரு சிப்ட்லயே இத்தனையுங்களா?" என்றார். அவ்வளவுதான் சொன்னார். இன்றைக்கு வரைக்கும் நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிற மாதிரி இல்லை, பீஸைக் கூட்டச் சொல்லி அவர் கேட்கவே இல்லை. அந்த மாதம் ஷிப்மென்ட் ஏற்கனவே பிந்தியிருந்தது. என் வேலை ஆடிக்கொண்டிருந்தது. ஒரு பாராட்டைக் கேட்டு வருடக்கணக்காகியிருந்தது. என் வாய் தானாகத் திறந்தது. "ஒண்ணுக்கே ஆயிரத்தி எரநூறுங்க. அப்ப ஒண்ணரைக்கு ஆயிரத்தி எண்ணூறு எடுத்துப்போடலாங்க."

ஐந்தாம் வகுப்பு நேர் விகிதம். ஒன்றுக்கு இவ்வளவு என்றால் ஒன்றரைக்கு எவ்வளவு. பேனாவைக் கையில் கொடுத்து, மைனஸைத் திருத்தி, பேப்பரை மடித்துக் காட்டி, அத்தனையும் சொல்லிக்கொடுத்தபிறகும் என் மண்டையில் அதுதான் இருந்தது. பரவளையத்தை வைத்து நிரூபித்ததை நேர்கோடாக்கி விற்றுவிட்டேன். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்தது என்பார்கள். இங்கே பிடித்தவர் பிள்ளையாரைத்தான் பிடித்தார். குரங்கு நான்.

திங்கட்கிழமை போர்டில் 1800 என்று எழுதினேன். நீங்கள் கொந்தளித்தீர்கள். சமாளிக்கத் தெரியாமல் நான் சொன்ன வார்த்தை உங்களுக்கு நினைவிருக்கும். "உங்களால முடியும்னு டீச்சரம்மா கணக்குப் போட்டுக் காட்டிட்டாங்க." அறுபது பேரும் திரும்பி ஸ்டெல்லாவைப் பார்த்தீர்கள். கையில் ஒரு பனியனைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் முதலாளியிடம் நான் பொய் சொன்னேன் என்று ஆகியிருக்கும், எனக்கு வேலை போயிருக்கும். என்னைப் பார்த்தார், பிறகு பனியனைத் தடவ ஆரம்பித்தார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தாளாம் என்று யாரோ பின்னாலிருந்து சொன்னது எனக்கும் கேட்டது, அவருக்கும் கேட்டது.

டீ நேரத்தில் வந்தார். கோபமாகப் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். "எம்பேரச் சொல்லிட்டீங்களே சார்" என்றார். அவ்வளவுதான். நீங்கள் மட்டும் தினம் ஐந்தரைக்குக் கிளம்பிக்கொள்ளுங்கள், கேட் பாஸில் நான் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்றேன். மாமனாரை நடத்திக் கூட்டிப்போக அது போதுமே என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்கு வராது. "அம்புட்டுப் பேரையும் உள்ள வச்சிட்டு நான் மட்டும் போனா, எல்லாரையும் வித்துட்டுப் போற மாதிரி இருக்கும் சார். அது எனக்கு வேண்டாம்." இதுவும் உங்களுக்குத் தெரியாது. நீங்கள் அவரோடு பேசுவதை நிறுத்திய அதே வாரத்தில், உங்களுக்காக அவர் வேண்டாமென்று சொன்ன கேட் பாஸ் இது.

ஆயிரத்து எண்ணூறு முடிந்தால்தான் மணி அடிக்கும் என்று சட்டம் போட்டேன். முடியவே இல்லை. ஒன்பது பத்தாயிற்று, பத்து பதினொன்றாயிற்று. நாளுக்கு ஒன்றேமுக்கால் ஷிப்ட். நல்ல பீஸ் ஆயிரத்து ஐம்பதில் வந்து நின்றது. ஒரு நாள் தனியாக உட்கார்ந்து அவருடைய சமன்பாட்டில் ஒன்றேமுக்காலைப் போட்டுப் பார்த்தேன். மூவாயிரத்து ஐந்நூறில் இரண்டாயிரத்து நானூற்று ஐம்பது போக, ஆயிரத்து ஐம்பது. போர்டை அழிக்க வேண்டியதுதானே? அழித்தால் ஏன் அழித்தாய் என்று மேலே கேட்பார்கள். அன்றைக்குச் சொன்னது தப்பா என்று கேட்பார்கள். என் வாயால் நானே போட்ட கோட்டுக்குள் நானே மாட்டிக்கொண்டேன், கூடவே உங்கள் அறுபது பேரையும் இழுத்துப் போட்டுக்கொண்டேன். மூன்று மாதம் இப்படிப் போயிற்று.

மூன்றாம் மாதக் கடைசியில் ஒரு நாள் சாயந்தரம் ஏழு மணிக்கு ஆபீஸ் போன் அடித்தது. ஸ்டெல்லாவின் பக்கத்து வீட்டு அம்மா. பெரியவர் உள்ளே விழுந்து கிடக்கிறார், முனகல் கேட்கிறது, ஸ்டெல்லாவின் போனை அடித்து அடித்துப் பார்த்துவிட்டேன், எடுக்கவில்லை என்றார். போன் கேட்டில் பெட்டிக்குள் கிடந்து அடித்துக்கொண்டிருந்திருக்கிறது. நான் ஸ்டெல்லாவை என் பைக்கிலேயே ஏற்றிக்கொண்டு போனேன். வீட்டு வாசலில் நாலைந்து பேர் நின்றார்கள். சாவியை நான்தான் வாங்கிப் பூட்டைத் திறந்தேன். சவரிமுத்து ஜன்னலுக்குக் கீழே கிடந்தார். ஜன்னலில் ஏற கட்டிலை இழுத்துப் போட்டிருக்கிறார். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. ஐந்தரைக்கே ஏதோ விழுகிற சத்தம் கேட்டது, முனகல் ரொம்ப நேரம் கழித்துத்தான் கேட்டது என்று அந்த அம்மா சொன்னார். நாங்கள் தூக்கும்போது பெரியவர் மருமகளைப் பார்த்து, "மணி அடிச்சிட்டாங்களா?" என்று கேட்டார்.

மறு வாரம் நான் போர்டை அழித்தேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. மூன்று மாதமாக நான் பயந்துகொண்டிருந்த கேள்வியை யாருமே கேட்கவில்லை, அதுதான் கொடுமை. லைன் பழையபடி ஒன்றரைக்குத் திரும்பிற்று. ஸ்டெல்லா ஆறு நாள் லீவுக்குப் பிறகு வந்தார். பெரியவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். இனிமேல் எழுந்து நடக்க மாட்டார் என்று சொல்லிவிட்டார்களாம். "இப்ப பூட்ட வேண்டியதில்ல சார்" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு அவரிடம் நான் கணக்கைப் பற்றி வாய் திறந்ததே இல்லை. அவரும் பேசவில்லை. நான்கு வருடம் எனக்கு நேர் எதிரே நின்று துணி தடவினார். உங்களில் சிலர் அவரை ஆயிரத்தெண்ணூறு என்று பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுவது அவர் காதில் விழும். என் காதிலும் விழும். வாய் வரைக்கும் வரும், பிறகு உள்ளே போய்விடும்.

அடக்கத்தன்று அந்த வீட்டுக்குள் போனேன். கதவு திறந்து கிடந்தது. சவரிமுத்து கட்டிலில் படுத்தபடி, ஸ்டெல்லாவுக்கு ஷிப்ட் இன்னும் முடியலியா என்று வந்தவர்களையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தோணி கன்டெய்னர் ஓட்டுவதை விட்டுவிட்டு, உள்ளூரிலேயே காதர்பேட்டைக்குப் பெட்டி ஏற்றுகிற டெம்போ ஓட்டப் போகிறார். அப்பாவை யார் பார்ப்பது என்ற கேள்வி இப்போது அவருடையது.

ஏழு பேர்தான் வந்திருந்தீர்கள் என்பதை அங்கே எண்ணினேன். அன்றைக்குச் சாயந்தரமே முதலாளியிடம் போய் நடந்ததை எல்லாம் சொன்னேன். நான்காம் லைனை ஒரு ஷிப்டுக்கு விடுங்கள் என்றும் கேட்டேன். "சீசன் முடியட்டுங்க, பாக்கலாங்க" என்றார். இருபத்தைந்து வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன், சீசன் முடிந்து நான் பார்த்ததில்லை. ஐந்தரை மணியை உங்களுக்கு வாங்கித் தருவேன் என்று எழுத எனக்கு அதிகாரம் இல்லை. கேட்டுக்கொண்டே இருப்பேன் என்று மட்டும் சொல்ல முடியும், அது பெரிய வாக்குறுதி இல்லை என்று எனக்கே தெரியும்.

ஆனால் என் கையில் இருக்கிற ஒன்றைச் செய்ய யாருடைய அனுமதியும் வேண்டாம். ஸ்டெல்லா உங்களைப் பத்து மணி வரைக்கும் உட்கார வைக்கவில்லை. உங்களை ஐந்தரைக்கு அனுப்பக் கணக்குப் போட்டார், அந்தக் கணக்கு நாலு பீஸ் வித்தியாசத்தில் சரியாக இருந்தது. அதைத் தப்பாகப் பெருக்கியவன் நான், அதற்கு அவர் பேரைப் போட்டவனும் நான். நான்கு வருடமாக நீங்கள் அவரைச் சொன்ன சொல் அத்தனையும் எனக்குச் சேர வேண்டியது. அவரிடமிருந்து எடுத்துக்கொண்டு இனி நான் வைத்துக்கொள்கிறேன். அவர் விட்டுப்போனதில் நான் உரிமை கொண்டாடக்கூடியது அது ஒன்றுதான். பூசை ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, கோயில் வாசலில் நான் நிற்பேன். என்னிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, உள்ளே போய் அவருக்காக ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுங்கள்.